உங்கள் சூப்பர்வைசர் கையில் இருக்கும் போன்

போடிநாயக்கனூர்

மதிப்புக்குரிய ஏலத்தோட்ட முதலாளிமார்களுக்கும் போடி ஏலக்காய் வியாபாரிகளுக்கும்,



உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கடைக் கணினி நின்றுபோனால், ஏலத்தன்று காலையில் பிரிண்டர் மக்கர் செய்தால், புதுப் போனில் பழைய வாட்ஸ்அப்பை ஏற்ற வேண்டுமென்றால் எனக்குத்தான் அழைப்பு வரும். பதினோரு வருடமாக இந்த ஊரில் இதுதான் என் பிழைப்பு. உங்களிடம் நேரில் துண்டு துண்டாகச் சொன்ன ஒரு விஷயத்தை முழுதாக ஒரே இடத்தில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு நாள் காலையில் ஓர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். தோட்டத்து சூப்பர்வைசரின் போனைக் காணோம். போடிமெட்டில் ஜீப் நின்றபோது டீ குடிக்க இறங்கியிருக்கிறார். போன் டாஷ்போர்டில் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் இல்லை. நான் போய்ச் சேரும்போது அவர் இன்னொரு ஜீப்பில் கீழே இறங்கி வந்து அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முதலாளி நல்ல மனிதர். “போனா போகட்டும்ப்பா, பன்னெண்டாயிரந்தானே, வேற வாங்கிக்கலாம்” என்றார். சூப்பர்வைசர் தலையைத் தூக்கவில்லை.

“அதுல என்னண்ணே இருந்துச்சு?” என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். தோட்டத்தில் வேலை பார்க்கும் நாற்பத்து மூன்று பேரின் ஆதார் அட்டை, முன்பக்கமும் பின்பக்கமும். கூலியை வங்கியில் போடுவதற்காக எடுத்த பாஸ்புக் முதல் பக்கங்கள். அன்றன்று எடுத்த பச்சைக் காயின் எடைச் சீட்டு. ஸ்டோரில் எத்தனை மூட்டை உலர்காய் இருக்கிறது, எந்த நாள் எந்த ஜீப்பில் இறங்குகிறது என்று முதலாளி பேசி அனுப்பிய குரல் பதிவுகள். தோட்டச் செலவுக்கென்று வைத்திருந்த வங்கிக் கணக்கின் ஓடிபி வரும் எண்ணும் அதே சிம்தான். போனுக்குப் பூட்டு? இல்லை. மழையில் நனைந்து, காய்க்கறை ஏறிய விரலுக்குக் கைரேகை பிடிக்காது. நிமிடத்துக்கொரு தரம் நம்பர் போட்டுத் திறக்க முடியாது என்று பூட்டையே எடுத்துவிட்டிருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலையை அந்தக் கையோடு செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

அன்று சிம்மை நிறுத்தினோம். வங்கிக்குச் சொன்னோம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். ஆனால் அந்த நாற்பத்து மூன்று பேரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். “அதுங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது” என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அந்தப் படங்கள் யார் கைக்குப் போயின, அவற்றை வைத்து யாராவது எங்காவது சிம் வாங்கினார்களா, கடன் வாங்கினார்களா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. அவர்களுடைய ஆதாரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எப்படி என்று அந்த சூப்பர்வைசருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

காயின் மதிப்பு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 வெள்ளமும் அதையடுத்த வறட்சியும் விளைச்சலைத் தின்ற பிறகு, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் தொட்டது. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம். அந்த வருடம் ஸ்டோருக்கு இரட்டைப் பூட்டுப் போட்டீர்கள், காவலுக்கு ஆள் போட்டீர்கள், கேமரா மாட்டச் சொல்லி என்னையும் மலைக்கு அனுப்பினீர்கள். 2007-ல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்ததிலிருந்து ஏல அறையில் உங்கள் பாஸ்வேர்டை மகனிடம்கூடச் சொல்லாதவர்கள் நீங்கள். ஆனால் எந்த மூட்டை எப்போது எந்த வழியில் இறங்கும் என்ற செய்தி முழுவதும் பூட்டில்லாத ஒரு போனில், பூப்பாறைக்கும் போடிக்கும் நடுவே ஜீப் டாஷ்போர்டில் ஆடிக்கொண்டு போகிறது.

இதற்கு வழி இருக்கிறது; புதிதும் அல்ல. இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு பிளாக்பெர்ரி போன் கொடுத்த பெரிய கம்பெனிகள் அப்போதே இதைச் செய்தன. ஓர் அலுவலகம் தன் ஆட்களுக்குக் கொடுத்த எல்லாப் போன்களையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்வது: எந்தச் செயலி இருக்கலாம், பூட்டு எத்தனை இலக்கம், தொலைந்தால் தூரத்திலிருந்தே பூட்டுவது, உள்ளே இருப்பதை அழிப்பது. இதைத்தான் எம்.டி.எம். என்பார்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் மட்டும் ஆன சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிற சோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு இப்படி ஒரு மென்பொருளை உலகம் முழுவதும் விற்கிறது. இருபத்தைந்து போன் வரை இலவசமாகவே கொடுக்கிறார்கள். நம் தோட்டங்களில் இருபத்தைந்து போனுக்கு மேல் அலுவலகம் வாங்கிக் கொடுத்த இடம் எத்தனை இருக்கும்? இந்தப் பெயரைச் சொல்வதற்கு எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. வேறு நிறுவனத்துடையதை வாங்கினாலும் எனக்குச் சம்மதமே.

போட்டுக்கொடுப்பது எப்படி என்று ஒருமுறை அருகில் இருந்து பாருங்கள். புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாகப் போட்டதும் வரவேற்புத் திரை வரும். அதில் எங்கேயாவது ஒரே இடத்தில் ஆறு தடவை விரலால் தட்ட வேண்டும். கேமரா திறக்கும். அலுவலகக் கணினித் திரையில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை அதற்குக் காட்டினால் போதும். மிச்சத்தைப் போன் தானே பார்த்துக்கொள்ளும். ஜீப் கிளம்புவதற்கு முன், ஒரு டீ ஆறும் நேரத்தில் ஒரு போன் தயார். இனி அதில் வெளியிலிருந்து வரும் ஏபிகே கோப்பை ஏற்ற முடியாது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் வருகிறதே, தொட்டால் ஓடிபியைத் திருடுகிறதே, அந்தக் கோப்புகளைத்தான் சொல்கிறேன். இந்த ஒரு தடைக்காக மட்டுமே நான் இதைப் போடச் சொல்வேன்.

ஆனால் நம் மலையை மறந்துவிட்டு இந்த மென்பொருளை நம்பினால் ஏமாந்துபோவோம். விற்க வருகிறவர்கள் “ஒரு பட்டனை அழுத்தினால் போன் அழிந்துவிடும்” என்பார்கள். அழியும், சிக்னல் இருந்தால். நீங்கள் போடியில் உட்கார்ந்து கொடுக்கும் கட்டளை இணையம் வழியாகத்தான் அந்தப் போனுக்குப் போக வேண்டும். சரிவுக்கு அந்தப் பக்கம் டவர் எட்டாத பள்ளத்தில் போன் கிடந்தால், அல்லது எடுத்தவன் சிம்மைக் கழற்றிவிட்டால், கட்டளை சர்வரில் காத்துக்கொண்டேதான் இருக்கும். மலைத் தோட்டங்களில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு இருக்கும் சிக்னல் அடுத்த வளைவில் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே முதல் காவல் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆறு இலக்கப் பூட்டு. பத்து தடவை தப்பாகப் போட்டால் தானே அழித்துக்கொள்ளும்படி ஒரு கட்டளை. இதற்குச் சிக்னல் வேண்டாம். ஈரக் கைக்காக, திரையைத் திறக்காமலே எடுக்கும் கேமராவை மட்டும் விட்டுவைக்கலாம், எடைச் சீட்டைப் படமெடுக்க அது போதும்.

அப்புறம் சிம். இதைப் பெரிய கம்பெனிகளே கோட்டை விடுகின்றன. போனுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் செருகினால் ஓடிபி அங்கே வந்துவிடும். சிம்முக்கென்று தனியாக ஒரு பின் எண் போடலாம். மூன்று தடவை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். அமைப்புகளுக்குள் போய்ப் போட இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான் பார்த்த தோட்டத்துப் போன்களில் ஒன்றில்கூட அது போட்டிருக்கவில்லை. சிம்மும் அலுவலகப் பெயரில் இருக்க வேண்டும். சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய சொந்த எண்ணோடு உங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேரும் போய்விடுகிறார்கள் என்று சண்டை போடுகிறீர்கள். அவர் எண்ணை வைத்து நீங்கள் தொழில் செய்தீர்கள், அவர் மேல் என்ன தப்பு?

தொலைந்த போனை நாடு முழுவதும் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காமல் தடுக்க மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே முதல் இருக்கிறது. அதற்குப் போலீஸ் புகாரும் ஐஎம்இஐ எண்ணும் வேண்டும். *#06# போட்டால் அந்த எண் திரையில் வரும். போன் கையில் இருக்கும்போதே அதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தொலைந்த பிறகு பெட்டியைத் தேடி வீட்டையே கவிழ்த்தவர்களை எனக்குத் தெரியும். பணம் போயிருந்தால் 1930-க்குத் தாமதிக்காமல் அழையுங்கள்.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் எல்லோரும் தலையாட்டுவீர்கள். இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த மடலின் காரணம்.

இந்த மென்பொருளைப் போட்டுக்காட்டிய அலுவலகங்களில், முதலாளிகள் பூட்டைப் பற்றிக் கேட்டது கொஞ்சம். கேட்டதெல்லாம் வேறு. “அவன் இப்ப எங்க இருக்கான்னு பாக்க முடியுமா?” “ஞாயித்துக்கிழமை எங்க போனான்னு தெரியுமா?” “வேற தோட்டத்துக்காரன்கூடப் பேசுறானான்னு கண்டுபிடிக்கலாமா?” ஒருவர், அலுவலகம் வாங்கித் தராத, சூப்பர்வைசர் தன் சம்பளத்தில் வாங்கிய சொந்தப் போனிலேயே இதை ஏற்றச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அந்த அலுவலகத்தில் இப்போது வேறு ஒருவர் வேலை பார்க்கிறார்.

நியாயமான பயமும் இதில் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஜீப் பள்ளத்தில் உருண்டால் எங்கே என்று தெரிய வேண்டாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். இந்த மலையில் ஆள் எங்கே இருக்கிறார் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்விதான். அதற்கு, ஆபத்து நேரத்தில் மட்டும் திறக்கிற வழியை வையுங்கள். அப்படித் திறந்தால் திறந்தோம் என்று அந்த ஆளிடமே சொல்லுங்கள். உயிருக்கான பயத்தைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை அவர் எந்தக் கோயிலுக்குப் போனார், எந்த டாக்டரைப் பார்த்தார் என்று தெரிந்துகொள்வது வேறு காரியம்.

ஹரியானாவில் நடந்ததைக் கேளுங்கள். 2021-ல் அங்கே ஆஷா பணியாளர்களுக்கு அரசு கொடுத்த போன்களில் ‘எம்.டி.எம். 360 ஷீல்டு’ என்ற செயலியைப் போடச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கிற, மாதச் சம்பளம்கூட இல்லாமல் ஊக்கத்தொகைக்கு வேலை செய்கிற பெண்கள் அவர்கள். எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவும், எங்கள் போனை வேறொருவர் இயக்கவும் இது வழி செய்கிறது என்று அவர்கள் மறுத்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். கொரோனாவின் இரண்டாம் அலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்களிடம் அரசு வைத்த சந்தேகம் அவர்களைச் சுட்டது. அதே ஆண்டு மகாராஷ்டிராவில் அங்கன்வாடிப் பணியாளர்கள், அரசு தந்த போன்களைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் குறை வேறு: போன் சூடாகிறது, நின்றுபோகிறது, செயலி மராத்தியில் இல்லை. உங்களுக்கும் இது பொருந்தும். மட்டமான போனை வாங்கிக் கொடுத்து அதில் இங்கிலீஷில் பத்து எச்சரிக்கை வந்தால், ராஜகுமாரியில் நிற்கிற மேஸ்திரி என்ன செய்வார்? தன் சொந்தப் போனில் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்புவார். பூட்டிய போன் பையில் தூங்கும், ஆதார் படங்கள் பூட்டில்லாத போனில் சேரும்.

இன்னொன்று அண்மையில் நடந்தது. 2025 நவம்பர் கடைசியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, புதிதாக விற்கிற ஒவ்வொரு போனிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3-ம் தேதி அந்தக் கட்டாயத்தை அரசே விலக்கிக்கொண்டது. மேலே நான் உங்களுக்குப் பரிந்துரை செய்ததும் அதே சஞ்சார் சாத்திதான். நானாகப் போட்டுக்கொள்ளும்போது துணையாக இருப்பது, என்னைக் கேட்காமல் போட்டால் என்மேல் வைத்த சந்தேகமாகிவிடுகிறது. நூற்று நாற்பது கோடிப் பேருக்குத் தோன்றியது உங்கள் சூப்பர்வைசருக்கும் தோன்றும்.

தொழில்நுட்பமே இந்த எல்லையைப் போட்டுக் கொடுத்திருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5-லிருந்து ஒரே போனுக்குள் ‘வேலைப் பகுதி’ என்று தனி அறை கட்ட முடியும். அந்த அறையிலுள்ள செயலிகளின் படத்தில் சின்னதாக ஒரு கைப்பெட்டி தெரியும். அலுவலகம் பார்க்கக்கூடியதும் அழிக்கக்கூடியதும் அந்த அறை மட்டும்தான். மகளின் காதுகுத்துப் படமும், மனைவி அனுப்பிய செய்தியும் சுவருக்கு அந்தப் பக்கம். ஆள் வேலையை விட்டுப் போனால் அந்த அறையை மட்டும் இடித்துவிடலாம். அவர் வீட்டில் ஒரு பொருள் அசையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த அறையை அவரே மூடிவைக்கலாம். ஐபோனிலும் 2019-லிருந்து இதற்கு வழி உண்டு. சொந்தப் போனில்தான் வேலை நடக்க வேண்டும் என்றால் இந்த அறையைத் தாண்டி ஓர் அடி வைக்காதீர்கள். அதுவும் அவர் மனதாரச் சம்மதித்தால் மட்டும். முடிந்தால் அலுவலகப் போன் ஒன்றைத் தனியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். காயின் விலையில் அது ஒரு கணக்கா?

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-ல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, தொழிலை இழப்பிலிருந்து காத்துக்கொள்ள முதலாளி பணியாளரின் தகவலைக் கையாள இடம் தருகிறது. “அப்ப போட்டுக்கலாம்ல” என்று உடனே கேட்காதீர்கள். அடுத்த பிரிவு, கையில் வாங்கிய தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பை உங்கள் தலையில் வைக்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தகவல் கைமாறிப் போனால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஒவ்வொருவருக்கும். ஜார்க்கண்டிலிருந்து வந்து காய் எடுக்கிற பெண்ணுக்கும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. இந்தக் கடமைகள் பதினெட்டு மாதத்தில், அதாவது 2027 மே வாக்கில் நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

நான் இப்போது எந்த அலுவலகத்தில் இதைப் போட்டாலும் முதலில் ஒரு தாளைக் கேட்கிறேன். ஒரே பக்கம். தமிழில் ஒன்று, தேவைப்பட்டால் மலையாளத்திலும் இந்தியிலும். இந்தப் போனில் அலுவலகம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது, எப்போது அழிக்கும், இருப்பிடத்தை எந்த நேரத்தில் யார் பார்க்கலாம், தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்பீர்களா மாட்டீர்களா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பிடிப்பீர்கள் என்று தெரிந்தால் தொலைத்த ஆள் இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார், தானே தேடிக்கொண்டிருப்பார். அந்த இரண்டு நாளில் எல்லாம் போய்விடும். “தொலைஞ்சா உடனே சொல்லு, உன் சம்பளத்துல கை வைக்க மாட்டேன்” என்று முதலாளி வாயால் சொல்வதற்கு ஈடான பாதுகாப்பை நான் எந்த மென்பொருளிலும் பார்த்ததில்லை.

இந்தத் தாளைப் படித்துக் காட்டிய ஒரு தோட்டத்தில், வயதான மேஸ்திரி ஒருவர் முழுதும் கேட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமை பாக்க மாட்டீங்கன்னு எழுதியிருக்கா?” என்றார். எழுதியிருக்கிறது என்று அந்த வரியைக் காட்டினேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். கையெழுத்துப் போட்டார். அந்தத் தோட்டத்தில் எந்தப் போனும் இப்போது பூட்டில்லாமல் இல்லை. நான் போய்ச் சோதிக்க வேண்டிய தேவை வரவில்லை, அவர்களே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

முதலாளிமாரே, அடுத்த எடுப்புத் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தச் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, சூப்பர்வைசரை அருகில் உட்காரவைத்து, அவர் போனில் எத்தனை பேரின் ஆதார் படம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பதிந்து முடித்தவற்றை அங்கேயே, உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டி என்று போனுக்குள் ஒன்று இருக்கிறது, அதிலிருந்தும். வாட்ஸ்அப்பில் வந்து உங்கள் போனில் சேர்ந்திருக்கும் அதே படங்களையும் நீங்கள் அழித்துவிடுங்கள். பிறகு என்னைக் கூப்பிடுங்கள், அல்லது உங்களுக்குத் தெரிந்த வேறு யாரையாவது. நான் வரும்போது அந்த ஒரு பக்கத் தாள் மட்டும் தயாராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அலுவலகப் போன்களைப் பார்த்துக்கொள்ளும் போடிக்காரன்